தாவுவதற்கு ஒரு தரை

1981இல் ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் பாப்பாய் கார்ட்டூனை வைத்து ஆர்கேடு எந்திரத்துக்கு ஒரு விளையாட்டு செய்ய விரும்பியது. உரிமை கிடைக்கவில்லை. வடிவமைப்பாளர் ஷிகெரு மியாமோட்டோ, பாப்பாய்க்கும் புளூட்டோவுக்கும் ஆலிவுக்கும் இடையில் இருந்த இழுபறியை மட்டும் வைத்துக்கொண்டு ஆட்களை மாற்றினார். முரடன் இருந்த இடத்துக்குப் பெருங்குரங்கு வந்தது, மாலுமியின் இடத்துக்குத் தச்சன் வந்தான், காதலிக்கும் வேறு முகம் கிடைத்தது. 'டாங்கி காங்' என்று வெளிவந்த அந்த விளையாட்டில் தச்சன் இரும்புச் சாரத்தில் ஏறினான். உருண்டு வரும் பீப்பாய்களைத் தாவினான். பிள்ளைகள் ஜம்ப் கேம் என்றும் விவரம் தெரிந்தவர்கள் பிளாட்ஃபார்மர் என்றும் சொல்லும் வகைக்கு அதுதான் பெரிய தொடக்கம். கார்ட்டூனின் முகம் கையைவிட்டுப் போன பிறகும் விளையாட்டு நின்றது. ஏறச் சாரமும் தாவப் பீப்பாயும் இருந்ததால் நின்றது. டிவி கார்ட்டூனிலிருந்து விளையாட்டு செய்கிறவர்கள் இதைத் தலைகீழாகச் செய்வதுதான் வழக்கம். முகத்தைக் காசு கொடுத்து வாங்கிவிடுவார்கள். காலடித் தரையைப் பற்றிக் கடைசியில் யோசிப்பார்கள். ஒரு தொடரின் ஊரும் நாயகனின் ஒரே ஒரு செயலும் விளையாட்டின் விதிகளாக மாறினால்தான் அந்தத் தொடர் நல்ல பிளாட்ஃபார்மர் ஆகும் என்பது இந்தக் கட்டுரையின் வாதம். தமிழில் அப்படியொன்று வராமல் போனதற்குக் காரணம் தேடுகிறவர், முகங்களைவிடத் தரையைப் பற்றித்தான் அதிகம் கேட்க வேண்டும். தாவத் தகுந்த தரைக்குத் தமிழ்நாட்டில் முதலில் நினைவுக்கு வருவது குற்றாலம்.

நல்லதாக அமைந்தவற்றிலிருந்து தொடங்கலாம். 1987இல் டிவிக்கு வந்த டிஸ்னியின் 'டக் டேல்ஸ்' தொடரை 1989இல் கேப்காம் நிறுவனம் விளையாட்டாக்கியது. 'மெகா மேன்' செய்த கைகள் பல அதிலும் இருந்தன. நாயகன் ஸ்குரூஜ் ஒரு கிழக் கஞ்சன், கையில் ஊன்றுகோல். அந்தக் கோலைத் தரையில் குத்தி எம்பிக் குதிப்பதையே விளையாட்டின் முதன்மைச் செயலாக்கினார்கள். எதிரியின் தலையில் குத்தி எம்பலாம், முள் நிறைந்த தரையைக் காயமின்றிக் கடக்கலாம், மற்றவன் எட்டாத பெட்டியை எட்டலாம். முதுமையின் அடையாளமான கோல் அவனுடைய பலமாகிவிட்டது. அமேசான், டிரான்சில்வேனியா, ஆப்பிரிக்கச் சுரங்கம், இமயம், நிலா என்று ஐந்து இடங்கள்; எதிலும் முதலில் நுழையலாம். உலகமெல்லாம் அலைந்து புதையல் சேர்க்கும் பேராசைக்காரனின் கதை அந்த அமைப்பிலேயே இருந்தது. நிண்டெண்டோவின் வீட்டுக் கருவியில் மட்டும் 16 லட்சத்துக்கு மேல் விற்ற அந்த விளையாட்டை 2013இல் வேஃபார்வர்டு நிறுவனம் புதுப்பித்துத் தந்தது. 1990இல் அதே கேப்காம் 'சிப் அண்ட் டேல்' தொடரைக் கையாண்ட விதம் இன்னும் நுட்பமானது. நாயகர்கள் இரண்டு சிறு அணில்கள். எனவே மனிதர்களின் அன்றாடப் பொருள்களெல்லாம் அவர்களுக்கு மலைகள். பெட்டியைத் தூக்கி எறிவதும் பெட்டிக்குள் ஒளிவதும்தான் சண்டை. இருவர் சேர்ந்து ஆடினால் ஒருவன் மற்றவனையே தூக்கி எறியலாம். வீட்டில் தம்பியுள்ள எந்தப் பிள்ளைக்கும் அதன் ருசி தெரியும்.

2003இல் ஹெவி அயர்ன் ஸ்டூடியோஸ் செய்த ஸ்பான்ஜ்பாப் விளையாட்டு 'பேட்டில் ஃபார் பிகினி பாட்டம்' இதே பாடத்தை முப்பரிமாணத்தில் சொன்னது. தொடரில் பார்த்த கடலடி ஊர் தெருத்தெருவாக நடந்து பார்க்கக் கிடைத்தது. 2020இல் மறுபதிப்பு வருமளவுக்கு அதன் மேல் பற்று வளர்ந்தது. உரிமம் வாங்கிய விளையாட்டென்றாலே குப்பை என்ற பேச்சுக்கு இந்த மூன்றும் போதுமான பதில்.

தமிழ்ப் பிள்ளைகளின் கார்ட்டூன் வாழ்க்கையில் மிகப் பெரிய பெயர் எது என்று கேட்டால், 2007இல் சுட்டி டிவி தொடங்கியபின் வளர்ந்த தலைமுறை தயங்காமல் 'ஜாக்கி சான்' என்று சொல்லும். 2000 முதல் 2005 வரை அமெரிக்காவில் 95 பகுதிகள் ஓடிய 'ஜாக்கி சான் அட்வென்சர்ஸ்' தமிழ்க் குரலில் இங்கே பெற்ற வாழ்வு அதன் பிறந்த நாட்டிலேயே பெற்றதைவிடப் பெரியது என்று சொல்லத் தோன்றுகிறது. அதற்கு விளையாட்டுகளும் உண்டு. 2001இல் ஆஸ்திரேலியாவின் டோரஸ் கேம்ஸ் கேம்பாய் அட்வான்சுக்கு ஒன்று செய்தது. 2004இல் அட்டாமிக் பிளானட் பிளேஸ்டேஷன் 2க்கு ஒன்று செய்தது. இரண்டிலும் முதன்மைச் செயல் அடிதடி. தொடரைக் கவனித்துப் பார்த்தவர்களுக்கு இது இடறும். அந்த ஜாக்கி சண்டையை விரும்பாதவன்; ஓடுவான், ஏணியைச் சாய்ப்பான், நாற்காலியைக் கேடயமாக்குவான், கைக்குக் கிடைத்த குடையிலோ துணியிலோ தொங்கித் தப்புவான். பிளாட்ஃபார்மர் நாயகனின் இலக்கணமே அதுதான். போதாததற்குப் பன்னிரண்டு தாயத்துகள்: சேவல் பறக்க வைக்கும், முயல் வேகம் தரும், பாம்பு உருவத்தை மறைக்கும், எருது வலிமை தரும், எலி சிலைக்கு உயிர் கொடுக்கும். ஒவ்வொன்றும் ஒரு விதி, ஒவ்வொரு விதிக்கும் ஒரு லெவல் என்று தொடரே வரைபடம் போட்டுக் கொடுத்திருந்தது. முகமும் பெயரும் விற்பனைக்குப் போதும் என்று நினைத்த இடத்தில் அந்த வரைபடம் பயன்படாமல் கிடந்தது.

அந்த விளையாட்டுகள் நன்றாகவே அமைந்திருந்தாலும் குற்றாலம் இருக்கும் தென்காசிப் பக்கத்துப் பெரும்பாலான வீடுகளுக்குள் வந்திருக்கப் போவதில்லை. இங்கே எந்தப் பெட்டி எப்போது வீட்டுக்குள் வந்தது என்பதைப் பார்க்காமல் இந்தக் கேள்வியைப் பேச முடியாது. 2006இல் தொடங்கிய அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட பெட்டிகள் போயின. அடுத்த ஆண்டே சுட்டி டிவி. வறுமையான வீட்டிலும் கார்ட்டூன் ஓடியது. அதை விளையாடும் கருவி வரவில்லை. கடைவீதிகளில் கிடைத்த மலிவு டிவி கேம் பெட்டியும், ஒரே கேசட்டில் லட்சக்கணக்கில் விளையாட்டு இருப்பதாகப் பொய் சொன்ன அதன் மஞ்சள் கேசட்டும் மாரியோவையும் கான்ட்ராவையும் கொண்டு வந்தன. தமிழ் டிவியில் ஓடிய முகங்களைக் கொண்டுவரவில்லை. 2011இல் அரசு மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது. பொத்தான்கள் உள்ள, பெரிய திரை உள்ள, பிளாட்ஃபார்மருக்கு ஏற்ற ஒரு கருவி லட்சக்கணக்கான தமிழ் வீடுகளுக்குள் முதல் முறையாகப் போன தருணம் அது. அதற்கென்று ஒரு தமிழ் விளையாட்டும் யாரும் எழுதியதாகத் தெரியவில்லை. நல்ல வாய்ப்பு ஒன்று யார் கண்ணிலும் படாமல் போனதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் என்னிடம் இல்லை. 2016க்குப் பிறகு இணையக் கட்டணம் சரிந்து செல்பேசி எல்லார் கைக்கும் வந்தபோது, விளையாட்டின் வடிவத்தையே அந்தக் கண்ணாடித் திரை தீர்மானித்துவிட்டது.

இந்திய டிவி கார்ட்டூன்களிலிருந்து வந்த விளையாட்டுகளில் இதன் விளைவைக் காணலாம். ஐதராபாத்தின் கிரீன் கோல்டு அனிமேஷன் 2008இல் போகோ சேனலுக்குக் கொடுத்த 'சோட்டா பீம்' தமிழிலும் பேசினான். அவன் பெயரில் வெளிவந்த செல்பேசி விளையாட்டுகளில் நன்கு தெரிந்தது மும்பையின் நசாரா வெளியிட்ட 'ஸ்பீட் ரேசிங்', அதாவது கார்ப் பந்தயம். மோட்டு பத்லுவுக்கும் பந்தயம். 2018இல் டிஸ்கவரி கிட்ஸில் வந்து தமிழ்ப் பிள்ளைகளையும் கவர்ந்த 'லிட்டில் சிங்கம்' சாபக் நிறுவனத்தின் விளையாட்டில் முடிவில்லாமல் ஓடுகிறான். 2011இல் 'டெம்பிள் ரன்', 2012இல் 'சப்வே சர்ஃபர்ஸ்' போட்ட தடத்தில் முகத்தை மாற்றி ஓட்டம் தொடர்ந்தது. இவை மோசமாகச் செய்யப்பட்டவை என்று சொல்ல வரவில்லை; சில வழுக்கென்று நன்றாகவே ஓடுகின்றன. ஆனால் பீம் யாரென்று யோசித்துப் பாருங்கள். லட்டு தின்றால் பலம் வரும் பையன். கீரை தின்னும் பாப்பாயின் நேரடி வாரிசு. லட்டு எங்கே கிடைக்கும், யாரிடம் கேட்க வேண்டும், அதன் பலம் எவ்வளவு நேரம் நிற்கும், எந்தப் பாறையைத் தள்ள அதைச் சேமிக்க வேண்டும் என்று ஒரு விளையாட்டு முழுக்க அந்த ஒரு விதியிலிருந்து முளைத்திருக்கும். டோலக்பூர் என்ற ஊருக்கும் அரண்மனை, கடைத்தெரு, காடு எல்லாம் உண்டு. எந்தத் தெரு எதில் முடிகிறது என்று பிள்ளைகளுக்குத் தெரியாது. விளையாட்டுதான் அதைக் கட்டித் தந்திருக்க வேண்டும். பந்தயச் சாலையில் எந்த ஊரும் ஒன்றுதான்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு, அது பணம். செல்பேசியில் பொத்தான் இல்லை; தொடுதிரையில் துல்லியமாகத் தாவ வைப்பது கடினம். விலை வைத்தால் வாங்க மாட்டார்கள், விளம்பரத்தில்தான் வருமானம். விளம்பரத்துக்கு இரண்டு நிமிடத்தில் தோற்று மறுபடி தொடங்கும் ஓட்டம் பொருத்தம். அரை மணி நேரம் எடுத்து ஏற வேண்டிய மலை பொருத்தமில்லை. இந்தக் கணக்கைத் தட்டிக்கழிக்க முடியாது. நிண்டெண்டோவே 2016 டிசம்பரில் 'சூப்பர் மாரியோ ரன்' விளையாட்டை ஒரே விலைக்கு விற்றுப் பார்த்து, வருமானம் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை என்று ஒப்புக்கொண்டது. ஆனால் இந்த மறுப்பு நிரூபிப்பது வருமான முறையைப் பற்றி. வடிவத்தைப் பற்றி அது ஒன்றும் நிரூபிக்கவில்லை. மாரியோ ரன்னிலும் 2012இல் யூபிசாஃப்ட் தந்த 'ரேமேன் ஜங்கிள் ரன்'னிலும் நாயகன் தானாகத்தான் ஓடுகிறான். ஆட்டக்காரருக்கு ஒரு விரல் வேலைதான். ஆயினும் ஒவ்வொரு பள்ளமும் ஒவ்வொரு சுவரும் ஒருவர் உட்கார்ந்து அளந்து வைத்தவை. லெவலுக்குத் தொடக்கமும் முடிவும் உண்டு. ஆகவே ஓடுவதால் கெடவில்லை. தரையை எந்திரம் குலுக்கிப் போட்டுக்கொண்டே இருப்பதால்தான் இடம் என்ற ஒன்று இல்லாமல் போகிறது.

இடம் என்றால் என்ன என்பதற்குக் குற்றாலத்தைப் பார்க்கலாம். மேலே தேனருவி, அதற்குக் கீழே செண்பகாதேவி, இன்னும் கீழே சிற்றருவி, பிறகு பேரருவி என்று சிற்றாறு படிப்படியாக இறங்குகிறது. ஏறத்தாழ 60 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பேரருவியின் நீர் நேரே கீழே வருவதில்லை. பாதியில் பொங்குமாகடல் என்ற பாறைக் குழியில் விழுந்து, நிறைந்து, பொங்கி வழிந்து வருகிறது. நீர் இறங்குகிறது, ஆட்டக்காரர் ஏறுகிறார். இந்த எதிரெதிர்த் திசையிலேயே ஒரு பிளாட்ஃபார்மரின் எலும்புக்கூடு இருக்கிறது. ஜூன் முதல் செங்கோட்டைக் கணவாய் வழியே தென்மேற்குக் காற்று நுழைந்து சாரல் தூவும்போது பாறையில் கால் நிற்காது; கோடையில் அதே பாறை காய்ந்து, நீருக்குப் பின்னால் மறைந்திருந்த வழிகள் தெரியும்; ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையின் வெள்ளம் வழியையே அடித்துப்போகும். ஒரே மலையை மூன்று பருவத்தில் கொடுத்தால் மூன்று விளையாட்டு. குரங்குகளுக்கும் விதி உண்டு: கையில் தெரியும்படி வைத்திருக்கும் பண்டம் அவற்றுக்கு. சீசனில் கடைகளில் குவியும் மங்குஸ்தானும் ரம்புட்டானும் துரியனும் தங்கக் காசுகளைவிடச் சேர்க்கத் தகுந்தவை, பறிகொடுக்கவும் தகுந்தவை. பார்டர் பரோட்டா தின்றால் ஒரு லைஃப் கூடும் என்று வைக்கத் தோன்றும். அந்தச் சபலத்தை அடக்குவது நல்லது.

குற்றாலத்தில் எல்லாவற்றையும்விட விளையாட்டுக்கு உரிய பொருள் பேரருவியின் பாதுகாப்பு வளைவு. தண்ணீர் அந்த ஆர்ச்சைத் தாண்டி விழுந்தால் குளிக்கத் தடை என்பது அங்கே வருகிற குழந்தைக்கும் தெரியும். நல்ல பிளாட்ஃபார்மரின் முதல் நேர்மை, ஆபத்தை முன்கூட்டியே கண்ணுக்குக் காட்டுவது. காட்டாமல் கொன்றால் ஆட்டக்காரர் கருவியைத்தான் திட்டுவார். அந்த நேர்மை குற்றாலத்தில் கல்லாக நிற்கிறது. இது வெறும் வடிவமைப்பு அழகு அல்ல. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து 17 வயது மாணவன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். மேலே மலையில் பெய்த மழை கீழே வெயிலில் நிற்பவருக்குத் தெரியாது என்பதுதான் இந்த மலைகளின் கொடுமை. நீரின் நிறம் மாறுவதையும், சருகும் குச்சியும் சேர்ந்து வருவதையும், இரைச்சல் கனப்பதையும் கவனித்து ஒதுங்கக் கற்றுத் தரும் விளையாட்டு எச்சரிக்கைப் பலகையைவிட ஆழமாகப் பதியக்கூடும். சரியான நேரத்தில் ஒதுங்குவதே வெற்றி என்று ஒரு லெவலை அமைக்க முடியும். வனத்துறைக் கட்டுப்பாட்டில் பொதுமக்கள் ஏற முடியாத தேனருவிக்கு, ஒரு செடியையும் மிதிக்காமல் ஒரு பிள்ளை போய்வரலாம் என்பது கூடுதல் லாபம்.

இதெல்லாம் சுற்றுலாத் துறையின் சுவரொட்டியாக முடியும் என்று ஒருவர் சொல்லலாம். அபாயம் உண்மைதான். அருவியைப் பின்னணிப் படமாக ஒட்டிவிட்டு முன்னால் வழக்கமான செங்கல் மேடைகளை வைத்தால் சுவரொட்டிதான் மிஞ்சும். பாறை வழுக்குவதும் நீர் தள்ளுவதும் குரங்கு பறிப்பதும் கை உணரும்படி இருந்தால் படம் சுமாராக இருந்தாலும் ஊர் உள்ளே வந்துவிடும். இன்னொரு மறுப்பு தெய்வம் சம்பந்தப்பட்டது. 2009இல் ஐதராபாத்தின் அரோனா நிறுவனம் சோனிக்காகச் செய்த 'ஹனுமான்: பாய் வாரியர்' இந்தியாவிலேயே உருவான முதல் பிளேஸ்டேஷன் 2 விளையாட்டு. கடவுளைக் கைப்பொத்தானால் ஆட்டுவிப்பதா என்று அமெரிக்காவிலிருந்து எதிர்ப்பு வந்தது. குற்றாலநாதர் கோயிலும் சித்திர சபையும் உள்ள இடத்தில் இந்தக் கவலையைச் சிரித்து ஒதுக்க முடியாது. கோயில் கூரை தாவும் மேடை ஆகக் கூடாது என்று முதலிலேயே முடிவு செய்துவிடலாம். ஆட்டத்துக்கு மலை போதும். கூத்தபிரானின் ஐந்து சபைகளில் ஓவியத்துக்கென்றே அமைந்த இந்தச் சபையின் சுவர்களிலிருந்து வண்ணங்களையும் உருவங்களின் கோட்டையும் கற்றுக்கொள்வதை யாரும் தடுக்கப் போவதில்லை. தமிழ் அனிமேஷன் ஜப்பானியக் கண்களையும் அமெரிக்கத் தாடைகளையும் இரவல் வாங்கியே பழகிவிட்டது; அதற்கு இந்தப் பாடம் தேவை.

யார் செய்வது? 2000ஆம் ஆண்டிலேயே சென்னையின் பென்டாமீடியா மோஷன் கேப்சர் முறையில் 'சிந்துபாத்' எடுத்தது. 2014இல் 'கோச்சடையான்' வந்தபோது அம்பெய்யும் செல்பேசி விளையாட்டு ஒன்றும் கூடவே வந்தது. படம் முடிந்ததும் அதன் ஆயுளும் முடிந்தது. சென்னையின் நெக்ஸ்ட்வேவ் செய்த 'வேர்ல்டு கிரிக்கெட் சாம்பியன்ஷிப்' மட்டும் கோடிக்கணக்கான கைகளுக்குப் போய் நிலைத்தது. அந்த மைதானத்தின் ஒவ்வொரு விதியும் ஆடுகிறவரின் உடம்பிலேயே ஏற்கெனவே இருந்ததும் அதற்கு ஒரு காரணம் என்பேன். தெரிந்த தரையில் கால் ஊன்றியது. தென்காசியிலேயே 2011இல் ஜோஹோ அலுவலகம் திறந்தது. அந்த அலுவலகம் உள்ள மத்தளம்பாறையில் இருப்பவர்கள் உலகச் சந்தைக்கு மென்பொருள் எழுதுகிறார்கள், ஜோஹோ டெஸ்க் இங்கே உருவானதுதான். இதைக் காட்டி நாளைக்கே விளையாட்டும் வந்துவிடும் என்று சொல்வது மிகை. அலுவலக மென்பொருளில் வேலை வேகமாக முடிந்தால் போதும். விளையாட்டில் ஒரு தாவலின் உயரத்தை மாதக்கணக்கில் தேய்த்துச் சரிசெய்ய வேண்டும். அதற்கு ஓவியர் வேண்டும், இசை தெரிந்தவர் வேண்டும், லெவல் அமைக்கத் தெரிந்தவர் வேண்டும். ஆனால் ஊரை விட்டுப் போனால்தான் கணினி வேலை என்ற பழைய வாதத்தை மத்தளம்பாறை முடித்து வைத்துவிட்டது.

எதை அடியொற்றிச் செய்வது என்பது இதைவிடக் கடினமான கேள்வி. தமிழ்ப் பிள்ளைகளின் டிவி பெரும்பாலும் டப்பிங்கில் ஓடுகிறது; ஜாக்கியும் டோராவும் பீமும் வேறிடத்தில் பிறந்தவர்கள், அவர்களின் உரிமமும் அங்கேதான். தொடரே இல்லாமல் தொடரைச் சார்ந்த விளையாட்டு எப்படி என்பது நியாயமான ஆட்சேபம். தொடர் ஓடிப் புகழ் பெற்று, பிறகு உரிமம் விற்று, அதன் பிறகு விளையாட்டு என்ற வரிசையில்தான் தரை மறந்துபோகிறது. முன்னே ஓடிய தொடர்களில் கண்டது அதுதான். தொடரின் கதையை எழுதும் மேசையிலேயே மலையின் வரைபடத்தையும் விரித்து வைத்தால், இந்தப் பிள்ளைக்கு என்ன முடியும், எங்கே முடியாது, எந்தப் பருவத்தில் எந்த வழி அடையும் என்பவை கதைக்கும் ஆட்டத்துக்கும் பொதுவாகிவிடும். முதல் பகுதி ஒளிபரப்பாகும்போதே மடிக்கணினியில் ஓடும் ஒரு சிறிய லெவல் கையில் இருக்கலாம். பேச்சும் அதே மேசையில் முடிவாக வேண்டும். டப்பிங் தமிழுக்கு ஊர் கிடையாது. தென்காசிப் பையன் தவறி விழும்போது அவன் அக்கா 'ஏல, பாத்து!' என்றுதான் கத்துவாள். வட்டார வழக்கு மற்ற மாவட்டங்களில் எடுபடாது என்று சேனல்காரர்கள் சொல்வார்கள். நெல்லைப் பேச்சைத் தமிழ்நாடு முழுக்கச் சினிமாவில் கேட்டுப் பழகியிருக்கிறது. டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023இல் தந்த 'வெண்பா', கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் இட்லிப் பானையையும் கிழிந்த சமையல் குறிப்பையும் வைத்தே ஆடப்படுவது. அடுத்த ஆண்டு பாஃப்டாவின் அறிமுக விளையாட்டு விருது அதற்குக் கிடைத்தது. அதை ரசித்த வெளிநாட்டவர் எத்தனையோ பேர் இட்லித் தட்டைக் கண்ணால் பார்த்ததில்லை. எந்தத் தட்டு எதன் மேல், தண்ணீர் எவ்வளவு என்று தவறாக வைத்து, மறுபடி வைத்து, ஆடி ஆடியே தெரிந்துகொண்டார்கள். பொங்குமாகடல் நிறைய எவ்வளவு நேரமாகும் என்பதையும் அப்படித் தெரிந்துகொள்ளலாம்.